பருவமறிந்த பயணம்

இலங்கையின் கீழ்க்கரையிலே, குன்றுகள் அரண்செய்ய, ஆழ்ந்தகன்ற நீர்ப்பரப்பைத் தன்னுள் அடக்கி விளங்குவது திருகோணமலைத் துறைமுகம். பழந்திருப்பதி, கோட்டை, தீவு, வெந்நீரூற்று, அண்டையிலே யானைக் காடு ஆகிய இவையெல்லாம் மூன்று நாட் பயணத்துள் அடங்குவன. ஆயினும், அங்குச் செல்வோர் பலர், எவ்விடங்களைக் காண்பது என்பதை முதலில் வகுத்து, எம்மாதம் செல்வது என்பதை இறுதியில் எண்ணுகின்றனர். இம்முறை தலைகீழானது என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யானும் இப்பிழை செய்தவனே. பல்லாண்டுகளுக்கு முன், மாணவர் சிலரை மார்கழி விடுமுறையில் அங்கு அழைத்துச் சென்றேன். நிலாவெளிக் கரையிலே மழையில் நனைந்து நெடுநேரம் நின்றோம். வள்ளக்காரர் ஒருவரேனும் வள்ளத்தைக் கடலில் இறக்க உடன்பட்டாரில்லை. மாணவர் என்னை நோக்கினர். யான் கடலை நோக்கினேன். வகுப்பறையிற் படம் வரைந்து விளக்கிய பருவக்காற்றை, பயணத்திட்டம் வரையுங்கால் மறந்துவிட்டேன்.

ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவக்காற்றாகிய வாடை வீசும். திருகோணமலை பெறும் மழையின் பெரும்பகுதி அக்காலத்ததே, கடலும் கொந்தளிக்கும். வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்குக் காற்று நிலத்தைக் கடந்து வறண்டு வரும். அதனைக் கீழ்க்கரையார் கச்சான் என்பர். அப்போது கீழ்க்கடல் அமைதியுறும்.

இக்காற்றுகளே திருகோணமலையின் வரலாற்றையும் வகுத்தன. பாய்க்கப்பற் காலத்திலே, வாடைக்கு அஞ்சிய கப்பல்கள் ஒதுங்கச் சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகம் இல்லை. அண்மையிலிருந்த புகலிடம் திருகோணமலையே. 1782 ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றினர். அவ்வாண்டு ஓகஸ்ட்டில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரான் அதனைக் கவர்ந்தார். துறைமுகத்தை இழந்த ஆங்கிலக் கடற்படை, அம்மாரியைக் கழிக்கப் பம்பாய் வரை செல்ல நேர்ந்தது. 1795இல் ஆங்கிலேயர் மீண்டும் அதனைத் தமதாக்கினர்.

இனிப் பயணத்தை வகுப்போம். கடல் அமைதியும் யானைக் கூட்டமும் ஒருங்கு வாய்க்கும் மாதம் ஓகஸ்ட். பாடசாலை விடுமுறை அம்மாதத்தில் அமையுமாயின், அதனையே கொள்க.

முதல் நாள் கோட்டைக்கும் கோணேசர் மலைக்கும் உரியது. திருஞானசம்பந்தர் பாடிய பழங்கோயிலைப் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் இடித்து, அக்கற்களைக் கோட்டைக்குப் பயன்படுத்தினர். கோட்டை வாயிலிலே இணைக்கயற் சின்னத்தையும் தமிழ்ச் சாசனத்தையும் மாணவர் தம் கண்ணாற் காணல் வேண்டும். 1956இல் மைக் வில்சனும் ஆதர் கிளார்க்கும் மலையடிக் கடலிலே கோயிலின் சிதைவுகளைக் கண்டனர். இன்றைய கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நிகழ்ந்தது.

இரண்டாம் நாட் காலையில் நிலாவெளி சென்று, ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தொலைவிலுள்ள புறாத்தீவுக்கு வள்ளத்தில் செல்லலாம். மலைப்புறாக்கள் கூடுகட்டுதலாற் பெற்ற பெயர் அது. 2003இல் அது தேசிய பூங்காவாயிற்று. ஆதலின், வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிச்சீட்டைப் பெறுதல் கடன். மாலையிற் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்குச் செல்க. அவை அருகருகே இருந்தும், ஒன்றன் வெம்மை மற்றொன்றினின்றும் வேறுபடும்.

மூன்றாம் நாள், கந்தளாய்க் குளக்கட்டில் இறங்கி, குளமும் கோட்டமும் அமைத்தான் என மரபு கூறும் குளக்கோட்டனை நினைந்து, வீடு திரும்பும் வழியிற் கவுடுல்லை அல்லது மின்னேரியாப் பூங்காவை மாலை வேளையில் அடைக. கோடையிற் குளநீர் வற்ற, வெளிப்படும் படுகையிலே இளம்புல் தளிர்க்கும். அதனை நாடியே யானைகள் திரள்கின்றன. அண்மைக்காலத்தில், மொரகஹகந்த நீர்த்தேக்கத்தின் நீர்வரவால் மின்னேரியாவிற் கோடையிலும் நீர்மட்டம் உயர்ந்து நிற்க, புல்வெளி குறைந்து யானைத் திரளும் குறைந்துள்ளது. ஆகவே, எப்பூங்காவில் யானைகள் நிற்கின்றன என முன்னரே விசாரித்துக்கொள்க.

பருவம் வாய்த்தபோதும் ஓர் அபாயம் உண்டு; அது நம்மால் வருவது. புறாத்தீவைச் சூழ்ந்த முருகைக்கற்கள் உயிருள்ளவை. திரண்டு வளரும் இனங்கள் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றரே வளர்வன. ஆழங்குறைந்த நீரில் ஒரு மாணவன் கால் ஊன்றும் கணத்திலே, அவன் பிறக்குமுன் தோன்றிய ஒரு முருகை முறியக்கூடும். கரையிலிருந்து புறப்படுமுன் இதனைச் சொல்லாத ஆசிரியன், பயணத்தின் பயனை இழந்தவனாவான். மணலில் மட்டும் நடத்தல், எதனையும் எடுத்து வாராமை, நெகிழிப் பைகளை மீளக் கொணர்தல் ஆகிய மூன்றையும் மாணவர் உறுதிமொழியாகக் கொள்வாராக.

அன்று நனைந்து திரும்பிய மாணவருட் சிலர், இன்று தம் பிள்ளைகளை அழைத்துச் செல்ல என்னிடம் வழி கேட்கின்றனர். அவர்களுக்கு யான் முதலிற் கூறுவது ஊரின் பெயரன்று, மாதத்தின் பெயரே.