மகாகரணின் வாசலில் யாரை நிறுத்துவது?

கொல்கத்தா ரைட்டர்ஸ் கட்டடம்: பாதுகாப்பு, பழமை, பொதுமக்களின் உரிமை மூன்றும் ஒரே வாசலில் மோதுகின்றன

1930 டிசம்பர் 8. கொல்கத்தா டல்ஹவுசி சதுக்கத்தில் உள்ள ரைட்டர்ஸ் கட்டடத்துக்குள் மூன்று இளைஞர்கள் நுழைந்தார்கள். ஐரோப்பிய உடை அணிந்திருந்தார்கள். அதுவே அன்று அவர்களுக்கு அனுமதிச் சீட்டாக உதவியது. சிறைத்துறை இன்ஸ்பெக்டர் ஜெனரல் சிம்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். தாழ்வாரத்தில் போலீசாருடன் துப்பாக்கிச் சண்டை மூண்டது. பாதல் குப்தா விஷம் அருந்தி அங்கேயே இறந்தார். பினய் பாசு ஐந்து நாள் கழித்து இறந்தார். தினேஷ் குப்தா 1931 ஜூலையில் தூக்கிலிடப்பட்டார்.

சுதந்திரத்துக்குப் பின் சதுக்கத்துக்கு அவர்கள் பெயரே சூட்டப்பட்டது: பி.பி.டி. பாக். காவலைக் கடந்து உள்ளே போனவர்கள் இன்று எதிரே சிலைகளாக நிற்கிறார்கள். இப்படி ஒரு முரண் வேறு எந்தத் தலைமைச் செயலகத்துக்கும் வாய்த்திருக்காது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தர்களுக்காக 1777ல் தாமஸ் லயன் கட்டத் தொடங்கியது இந்தக் கட்டடம். வங்காளிகளுக்கு இது 'மகாகரண்'. சுமார் 150 மீட்டர் நீளச் சிவப்பு முகப்பு, உச்சியில் மினர்வா சிலை என்று மிடுக்காக நிற்கிறது. உள்ளேயோ, காலப்போக்கில் முற்றங்களிலெல்லாம் புதிய பகுதிகள் முளைத்து நெரிசலாயிற்று. பழுதுபார்ப்பதற்காக 2013 அக்டோபரில் தலைமைச் செயலகம் ஹூக்ளியைத் தாண்டி ஹவுராவில் உள்ள நபான்னாவுக்குப் போனது. சில மாதங்களுக்கு என்று சொல்லப்பட்ட வேலை பத்தாண்டுகளைத் தாண்டியது.

இப்படி ஒரு கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது சுவரும் கூரையும் மட்டுமே பிரச்சினை அல்ல. வருகிறவர்களை எங்கே நிறுத்திச் சோதிப்பது? எக்ஸ்ரே கருவிகள் நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ளவை. அவற்றோடு மெட்டல் டிடெக்டர் வளையம், பெண்களுக்கான தனி அறை, வரிசை நிற்க நிழல், பைகளை வைக்க இடம் எல்லாம் வேண்டும். இருநூறு ஆண்டுப் பழைய தாழ்வாரத்தில் இவற்றைத் திணித்தால் தரையும் பாழ், அழகும் பாழ். பாதுகாப்பும் உறுதியில்லை. வெடிகுண்டைக் கட்டடத்துக்குள் வரவிட்டு அதன்பின் கண்டுபிடித்து என்ன பயன்? சோதனை நடக்கும் இடம் தள்ளியே இருக்க வேண்டும்.

வாஷிங்டன் இதற்கு நிலத்தடியில் விடை தேடியது. 1998ல் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் இரு போலீசார் சுட்டுக் கொல்லப்பட்டபின், கிடப்பில் இருந்த பார்வையாளர் மையத் திட்டம் வேகம் பிடித்தது. 2008 டிசம்பரில் திறக்கப்பட்ட அந்த மையம் பூமிக்கடியில் 5.8 லட்சம் சதுர அடி. முகப்பின் அழகு தப்பியது, கஜானா தப்பவில்லை. செலவு சுமார் 62 கோடி டாலர்!

கொல்கத்தாவில் தோண்டுவது அத்தனை எளிதல்ல. 2019ல் பௌபஜாரில் மெட்ரோ சுரங்கம் தோண்டியபோது நீர் பீறிட்டு வீடுகள் இடிந்தன. 2024ல் திறக்கப்பட்ட மகாகரண் மெட்ரோ நிலையமும் ரைட்டர்ஸ் அருகே பூமிக்கடியில்தான் இருக்கிறது. எனவே மிஞ்சுவது எளிய வழி: முகப்பை மறைக்காமல், பக்கவாட்டில், பழைய சுவரைத் தொடாத, வேண்டும்போது பிரித்தெடுக்கக்கூடிய ஒரு தனிக் கூடம்.

கூடம் கட்டினால் மட்டும் போதுமா? டெல்லி தரும் பாடம் வேறு. 2001 டிசம்பர் 13 அன்று பயங்கரவாதிகள் போலி உள்துறை ஸ்டிக்கர் ஒட்டிய காரில் நாடாளுமன்ற வளாகத்துக்குள் நுழைந்தார்கள். சரியாக 22 ஆண்டு கழித்து அதே தேதியில், புத்தம் புதிய கட்டடத்தில், முறையான பாஸுடன் வந்த இருவர் ஷூவில் மறைத்து எடுத்துவந்த புகைக் குப்பிகளை மக்களவையில் திறந்தார்கள். 1930ன் கோட்டு சூட்டு, 2001ன் ஸ்டிக்கர், 2023ன் பாஸ் மூன்றும் சொல்வது ஒன்றே: தோற்றத்தையோ சிபாரிசையோ நம்பிச் சோதனையைத் தளர்த்தும் இடத்தில்தான் ஓட்டை விழுகிறது.

மறுபக்கமும் இருக்கிறது. 1993 ஜூலை 21 அன்று வாக்காளர் அடையாள அட்டை கோரி ரைட்டர்ஸை நோக்கிப் புறப்பட்ட இளைஞர் காங்கிரஸ் பேரணியில் போலீசார் சுட்டதில் 13 பேர் மாண்டார்கள். பேரணியை நடத்திய மம்தா பானர்ஜி 2011 மே மாதம் முதல்வராகப் பதவியேற்றதும் மக்கள் வெள்ளத்தோடு அங்கே நடந்தே போனார். அரசு அலுவலக வாசல் யாருக்குத் திறக்கிறது என்பது வங்காளத்தில் வெறும் நிர்வாக விஷயமாக இருந்ததில்லை.

ஆகவே எந்த வரைபடத்தையும் ஒரு கேள்வியால் அளக்கலாம். பென்ஷன் மனுவோடு சுந்தரவனத்திலிருந்து வரும் முதியவர் அங்கே உட்கார ஒரு பெஞ்சும், குடிக்கத் தண்ணீரும், தன் மொழியில் எழுதிய ஒரு பலகையும் உண்டா? இருந்தால் அது பார்வையாளர் கூடம். இல்லையென்றால் இன்னொரு மதில்.