கரட்டுப் பலகையும் கைவிரலும்

வித்துரா வழியாகப் பொன்முடிக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு, வழியில் தென்படும் ரப்பர் மரம் பால் தரும் மரம். மர மில்லில் வேலை பார்க்கும் தமிழ்த் தொழிலாளிக்கு அது பலகை. இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் வடித்து ஓய்ந்த மரம்தான் அறுபட்டு அவர் முன்னால் வந்து விழுகிறது.

ஊரில் 'இழைப்புளி' என்றால் இங்கே 'சிந்தேர்'. மெஷினுக்கு மட்டும் இரண்டு ஊரிலும் ஒரே பெயர்: திக்னஸ் பிளேனர். 1828-ல் அமெரிக்காவில் வில்லியம் உட்வொர்த் காப்புரிமை பெற்ற இழைப்பு இயந்திரத்தின் வழித்தோன்றல் இது. ரோலர் பலகையை இழுக்கும், சுழலும் கத்தி சீவும். பார்க்க எளிதுதான், கரட்டுப் பலகையை உள்ளே விடும்போதுதான் வினை தொடங்குகிறது.

ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடிக்கும், வண்டு துளைக்கும். அதனால் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த மருந்து ஏற்றி உலர்த்துகிறார்கள். உலரும்போது பலகை முறுக்கிக்கொள்கிறது. சரியாக உலராததை இழைத்தாலோ பஞ்சு பஞ்சாக நார் எழும்பும்.

முதலில் ஒரு முகம்

வளைந்த பலகையை நேரே திக்னஸ் பிளேனரில் கொடுத்தால் நேராகிவிடும் என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். ஆகாது. ரோலர் அதை அழுத்தித் தட்டையாக்கும், கத்தி சீவும். வெளியே வந்ததும் பலகை பழையபடி வளைந்துகொள்ளும். கனம் ஒரே சீராக இருக்கும், கோணல் அப்படியே இருக்கும். ஆகையால் முதலில் சர்ஃபேஸ் பிளேனரில் ஒரு முகத்தை மட்டம் பண்ணி, அந்த முகம் மேஜைமேல் படும்படி வைக்க வேண்டும்.

அடுத்தது அளவு. கரட்டுப் பலகை ஓரிடத்தில் 28 மில்லிமீட்டர் இருக்கும், இன்னோரிடத்தில் 31 இருக்கும். கனமான இடத்தை அளந்து, கத்தி அதை மட்டும் தொடும்படி முதல் இழைப்பு இருக்க வேண்டும். பிறகு தடவைக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் போதும். அவசரப்பட்டு நாலு மில்லி இறக்கினால் மோட்டார் திணறும், பலகை பிய்யும். கெட்ட பலகைக்குக் கூலியில் பிடித்துவிடுவார்களோ என்ற பயம் வேறு!

மேஜையில் பதிந்திருக்கும் அடி ரோலர்களைப் பலர் கவனிப்பதே இல்லை. கரட்டு மரத்துக்கு அவை மேஜை மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் எழும்பி நிற்கலாம். அப்போதுதான் பலகை உரசி நிற்காமல் நகரும். கடைசி இழைப்புக்கு அதே உயரம் கூடாது. பலகையின் இரு முனைகளிலும் பள்ளம் விழும். அப்போது பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு இறக்க வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும்.

பலகை திரும்பிப் பாய்ந்தால்

வேறுவேறு கனமுள்ள இரண்டு பலகைகளைச் சேர்த்து விடுவது பெரிய ஆபத்து. கனமானதை ரோலர் பிடித்துக்கொள்ளும். மெல்லியதைப் பிடிக்க ஆளில்லை. கத்தி அதை வந்த வழியே எறியும். நிற்பவர் வயிற்றுக்கு நேரே! மெஷினுக்கு நேராக நிற்காமல் ஒதுங்கி நிற்கச் சொல்வது இதனால்தான். இரு ரோலர்களுக்கும் இடைப்பட்ட தூரத்தைவிடக் குட்டையான துண்டும் ஆகாது.

சிக்கிய மரச்சுருளை விரலால் தட்டிவிடுவது அதைவிடக் கொடுமை. 1923-ம் ஆண்டின் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் விரல்களுக்குக் கணக்குப் போட்டு வைத்தது. சம்பாதிக்கும் திறனில் கட்டைவிரல் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் முழுவதும் 14 சதவீதம், ஒரு கையில் நான்கு விரல்கள் 50 சதவீதம். அந்தப் பணத்தைக் கேட்கப் போனாலும், அந்த மில்லில் வேலை செய்ததற்கு என்ன அத்தாட்சி என்ற கேள்விதான் முதலில் எழும். காண்டிராக்டர் அழைத்து வந்த ஆளின் பெயர் பெரும்பாலும் அவருடைய பாக்கெட் நோட்டில்தான் இருக்கும். மில் கணக்கு எழுதும் தமிழ்க் குமாஸ்தாக்கள் மனது வைத்தால், ஆள் சேர்ந்த அன்றே பதிவேட்டில் ஒரு வரி ஏறிவிடும்.

கத்தி மாற்றும்போது ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. அணைத்த பிறகும் உருளை சிறிது நேரம் சுற்றும். சத்தம் அடங்கிவிட்டதால் நின்றுவிட்டதாகத் தோன்றும். மெயினையும் அணைத்து, பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினால், வேறொருவர் தெரியாமல் ஸ்விட்சைப் போட்டாலும் கத்தி சுற்றாது.