சூளைக்குப் போகும் பனங்கை

நாகலாபுரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தாத்தா காலத்து ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டாராம். நிலையும் கதவும் நல்ல விலைக்குப் போய்விட்டன. கூரையைத் தாங்கிய பனஞ்சட்டங்களான பனங்கைகளை மட்டும் செங்கல் சூளைக்காரர் விறகு விலைக்குக் கேட்கிறார், கொடுத்துவிடலாமா என்கிறார். கொடுக்காதீர்கள்.

அந்தப் பக்கத்துக் கரிசல் மண் மழைக்கு உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதன்மேல் நிற்கும் சுவர் விரிசல் விடாமல் இருந்தால்தான் அதிசயம். சுவர் போனாலும் பனங்கை போவதில்லை. வேம்புக்கும் கருவேலத்துக்கும் வைரம் நடுவில், பனைக்கு வெளியில். உள்ளே வைரம் பாய்ந்ததை மரம் என்றும் வெளியே பாய்ந்ததைப் புல் என்றும் தொல்காப்பியம் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் பனை ஒரு புல்! இன்றைய தாவரவியலும் அதை நெல், சோளம் போல ஒருவிதையிலைக் கூட்டத்தில்தான் சேர்க்கிறது. ஆண்டு வளையம் கிடையாது. அறுத்த முனையை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள்: ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள் நெருக்கியடித்துக் கிடக்கும், உள்ளே போகப்போக விலகி, நடுவில் வெறும் சோறு. ஒவ்வொரு புள்ளியும் ஒரு நார்க்கற்றை. வலு ஓரத்தில் இருந்தால் போதும்: எங்கள் வீட்டுப் பழைய சைக்கிள் பாரும் உள்ளே வெற்றுக் குழாய்தான். பருத்தி மூட்டையையே சுமந்தது.

பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. நல்லது. ஆனால் என்றோ வெட்டி, அடுப்புப் புகையில் பதமேறிய கட்டையை எரிக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதை எரித்துச் சுட்ட செங்கல்லில் வீடு கட்டி, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருகிறோம்.

ஒரு பெஞ்சு செய்து பாருங்கள். சுவருக்குள் புதைந்திருந்த முனையில் ஒரு முழம் வெட்டித் தள்ளுங்கள். கறையான் பிடிப்பது பெரும்பாலும் அங்கேதான். மிச்சத்தைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். பொதபொதவென்றால் சூளைக்காரருக்கே கொடுத்துவிடலாம். சோற்றை வாய்ச்சியால் செதுக்கி எறிந்துவிட்டு, வைரப் பக்கம் மேலே வருமாறு அடுக்குங்கள். ஆணியை நேரே அடித்தால் ஆணி வளையும், இல்லையென்றால் கட்டை நார்வாக்கில் பிளக்கும்; துளை போட்டு போல்ட் முடுக்குங்கள். கால்களுக்குப் பழைய வேப்பஞ்சட்டம் போதும். இழைப்புளி அடிக்கடி மழுங்குவதால் ஆசாரி கூலி கூடக் கேட்பார், கொடுங்கள். ஓரங்களை உப்புத்தாளால் நார்வாக்கிலேயே நன்றாகத் தேயுங்கள். பனஞ்சிராய் ஏறினால் சீழ் வைக்கும். உட்கார்ந்தவர் வேட்டியும் தப்பாது.