நிலமே இல்லாதவர் நிலம் வாங்க முடியுமா? டெல்டாவின் 'ஒரு ஏக்கர்' கணக்கு

போன வாரம் போட்ட "விவசாய நிலம் நல்ல முதலீடா?" வீடியோவுக்குக் கீழே நிறைய பேர் கேட்ட கேள்வி ஒண்ணுதான். "சார், ஊர்ல அப்பா பேர்ல ஒரு ஏக்கர் இருக்கு. விக்கலாமா, வெச்சுக்கலாமா?"

அதே கேள்வி இப்போ எங்க வீட்டிலேயும் ஓடிட்டு இருக்கு. மன்னார்குடி பக்கம் எங்களுக்கு மூணு மா நிலம். டெல்டாவுக்கு வெளியே இருக்கிறவங்களுக்காகச் சொல்றேன்: ஒரு மா என்பது 100 குழி, கிட்டத்தட்ட 33 சென்ட். மூணு மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். அப்பா போன பிறகு அம்மா, நான், தம்பி மூணு பேரும் வாரிசு. நான் சென்னையில், தம்பி பெங்களூரில். இருபது வருஷத்துக்கு மேலாக அந்த வயலில் நாற்று விட்டு, நட்டு, களை எடுத்து, அறுத்துக் கொடுப்பது காலனியில் இருக்கும் ஒரு அக்காவும் அவர் குடும்பமும். பொங்கலுக்குப் போனபோது அந்த அக்கா கேட்டார்: "தம்பி, விக்கிறதா இருந்தா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நானே வாங்கிக்கிறேன்."

எனக்கு முதலில் என்ன சொல்வதென்றே தெரியவில்லை. தினக்கூலிக்குப் போகிறவர் எப்படி ஒரு ஏக்கர் வாங்குவார்? சிஏ படிச்ச மூளை உடனே வருமானம், அடமானம், சிபில் ஸ்கோர் என்று தேட ஆரம்பித்தது. பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. இதே டெல்டாவில் ஆயிரக்கணக்கான பெண்கள் இப்படி நிலம் வாங்கியிருக்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்து ரொம்ப தூரம்கூட இல்லை.

அந்தக் கதை 1968 டிசம்பர் 25 அன்று தொடங்குகிறது. இடம் கீழ்வெண்மணி. அப்போது தஞ்சாவூர் மாவட்டம், இப்போது நாகப்பட்டினம் மாவட்டம். கூலியாகக் கொஞ்சம் கூடுதல் நெல் கேட்டதில் வளர்ந்த தகராறு. அன்றிரவு ஒரு குடிசைக்குள் ஒளிந்திருந்த 44 தலித் மக்கள் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களை 1973-ல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. இதைப் பற்றி இதுக்கு மேல் எழுத நான் ஆளில்லை. கணக்குக் கண்ணில் எனக்குத் தெரிவது ஒன்றுதான்: ஊரின் நிலம் முழுக்க ஒரு பக்கம், உழைப்பு முழுக்க இன்னொரு பக்கம் என்றால், கூலி பேசும் மேஜையில் உழைப்பவருக்கு எழுந்து போகும் வசதி கிடையாது. பிடிக்காத வேலையை நீங்கள் ராஜினாமா செய்யலாம், இன்னொரு கம்பெனி இருக்கிறது. அங்கே இன்னொரு 'கம்பெனி' இல்லை.

நில உச்சவரம்புச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது, 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று. 1970-ல் அதை 15 ஆகக் குறைத்தார்கள். ஆனால் சட்டம் சொல்வது வேறு, பத்திரத்தில் பேர் மாற்றி எழுதுவது வேறு.

வினோபாவின் பூதான இயக்கத்தில் இருந்த காந்தியர்கள் கிருஷ்ணம்மாளும் அவர் கணவர் ஜெகந்நாதனும் கீழ்வெண்மணிச் செய்தி கேட்டு இந்தப் பகுதிக்கு வந்தார்கள், இங்கேயே தங்கினார்கள். சத்தியாகிரகம், சிறை எல்லாம் பார்த்தார்கள். 1981-ல் உழுபவனின் நில உரிமை இயக்கம், அதாவது 'லாப்டி', ஆரம்பமானது. என் மாதிரி ஆளுக்கு இங்கேதான் சுவாரசியம். அவர்கள் நிலத்தைத் தானமாகவும் கேட்கவில்லை, பறிக்கவும் இல்லை. விலைக்கு வாங்கினார்கள். விற்க விரும்பும் நிலக்காரரையும் நிலமில்லாதவர்களையும் ஒரே இடத்தில் உட்கார வைத்து விலை பேசினார்கள். வங்கிக் கடன் ஏற்பாடு செய்தார்கள். நிலத்தைச் சேர்ந்து உழைத்து கடனைக் கட்ட வைத்தார்கள்.

ஆரம்பத்தில் வங்கிகள் கையை விரித்தன, முத்திரைத்தாள் செலவு வேறு கழுத்தை நெரித்தது. இருந்தும் 2007 வாக்கில் சுமார் 13,000 குடும்பங்களுக்கு ஆளுக்கு ஒரு ஏக்கர் வீதம் போய்ச் சேர்ந்திருந்தது. 2008-ல் கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதிக்கு 'மாற்று நோபல்' என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. 2020-ல் அவருக்கு பத்மபூஷண்.

வங்காளதேசத்தில் முகமது யூனுஸ் செய்ததைப் பற்றி எல்லாரும் படித்திருப்போம். ஏழைகளும் கடனைத் திருப்பிக் கட்டுவார்கள் என்று உலகத்துக்குக் காட்டியவர், 2006-ல் நோபல் வாங்கினார். ஆனால் சிறுகடனில் பெரும்பாலும் கிடைப்பது தொழில் நடத்தும் பணம். லாப்டி வாங்கிக் கொடுத்தது சொத்து. நம்ம பாஷையில் சொன்னால், ஒன்று பணப்புழக்கத்தைச் சரி செய்கிறது, மற்றொன்று பேலன்ஸ் ஷீட்டையே மாற்றுகிறது. மகளிர் குழுக் கடன் எங்கள் தெருவிலேயே ஏகப்பட்டது ஓடுகிறது. ஒரு குழுவில் வாங்கி இன்னொரு குழுவுக்குக் கட்டுகிறார்கள். அதனால்தான் எனக்கு இந்த வித்தியாசம் முக்கியமாகப் படுகிறது.

சரி, கணக்குக்கு வருவோம். கீழே இருக்கும் நிலத்தின் விலை, விளைச்சல், செலவு, வட்டி எல்லாம் கணக்குப் போட நான் வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் ஊர் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

ஏக்கர் 8 லட்சம். ஒரு போகத்துக்கு 20 குவிண்டால் நெல். 2025-26 பருவத்தில் அரசு கொள்முதல் நிலையத்தில் சாதாரண ரகத்துக்கு ஊக்கத்தொகை சேர்த்துக் குவிண்டால் 2,500 ரூபாய், ஆக 50,000. உழவு, நாற்று, உரம், மருந்து, அறுவடை இயந்திர வாடகை, கூலி எல்லாம் சேர்த்து 30,000 செலவு. மிச்சம் 20,000. குறுவை, தாளடி என்று இரண்டு போகம் எடுத்தால் வருஷத்துக்கு 40,000. மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தால்தான் குறுவை நிம்மதி. 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள், ஞாபகம் இருக்கும்.

இப்போது அந்த 8 லட்சத்தை 9 சதவீதத்துக்கு 10 வருஷக் கடனாக வாங்கினால் மாசம் இஎம்ஐ 10,134. வருஷத்துக்கு 1.21 லட்சத்துக்கு மேல். நிலம் தருவது 40,000. ஆக, சந்தை விலை, சந்தை வட்டி என்று போனால் வயல் தன் கடனைத் தானே கட்டாது. முதலீடா என்று கேட்ட நண்பர்களுக்கும் இதுதான் பதில். இங்கே நிலத்தின் விலை நெல்லை வைத்து ஏறுவதில்லை, பிளாட்டை வைத்து ஏறுகிறது.

அப்போ அந்த அக்காவுக்கு வழியே இல்லையா? இருக்கு. தாட்கோ மூலமாக 2023-24-ல் தமிழக அரசு 'நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம்' கொண்டு வந்தது. (பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்க, நன்னிலம் எங்க திருவாரூர் மாவட்டத்து ஊர்!) நிலமற்ற ஆதிதிராவிடர், பழங்குடியின விவசாயத் தொழிலாளர் பெண்கள் நிலம் வாங்க, விலையில் பாதி அல்லது அதிகபட்சம் 5 லட்சம் மானியம். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் இரண்டும் முழு விலக்கு. இன்னொரு நிபந்தனை: விற்பவர் ஆதிதிராவிடர், பழங்குடியினர் அல்லாதவராக இருக்க வேண்டும். அந்தச் சமூகத்தின் கைக்குப் புதுசாக நிலம் வந்து சேரணும் என்பது நோக்கம். எங்கள் வீடு அதில் பொருந்துகிறது.

இதை வைத்து மறுபடி போட்டேன். 8 லட்சத்தில் 4 லட்சம் மானியம். மீதி 4 லட்சம், 6 சதவீதம், 10 வருஷம், வருஷத் தவணை என்றால் சுமார் 54,350. வயலின் மிச்சம் 40,000. இன்னும் இடிக்கிறது இல்லையா? ஆனால் அந்த 30,000 செலவுக்குள்ளேயே கூலி இருக்கிறது. போகத்துக்கு 8,000 ரூபாய் அளவு வேலையை அக்கா குடும்பமே செய்தால், வருஷத்துக்கு 16,000 வெளியே போகாது. 56,000 வரவு, 54,350 தவணை. மிச்சம் 1,650 ரூபாய். பத்து வருஷம் வயல் சோறு போடாது, தன் கடனை மட்டும் கட்டும். குடும்பம் வெளிக்கூலியில்தான் ஓடணும். ஒரு குறுவை தவறினால் அந்த வருஷத் தவணை துண்டு விழும். ஈசி என்று நான் சொல்லவே மாட்டேன். பதினோராவது வருஷம் கடன் இல்லாத ஒரு ஏக்கர் அவர் பேரில் இருக்கும், அவ்வளவுதான். லாப்டி ஏன் விலை பேசுவதிலும் முத்திரைத்தாளிலும் அவ்வளவு மல்லுக்கட்டியது என்பது இந்த 1,650-ஐப் பார்த்த பிறகுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. வழக்கமான 7 சதவீதம் முத்திரைத்தாள், 2 சதவீதம் பதிவுக் கட்டணம் என்றால் 8 லட்சத்துக்கு 72,000. கிட்டத்தட்ட இரண்டு வருஷ மிச்சம் பத்திர ஆபீஸிலேயே போயிருக்கும்.

தவணைக் காலமும் முக்கியம். மாசா மாசம் இஎம்ஐ என்பது மாசச் சம்பளக்காரருக்கான வடிவம். குறுவை அறுத்ததும் ஒன்று, தாளடி அறுத்ததும் ஒன்று என்று இருந்தால்தான் விவசாயக் கூலிக் குடும்பம் தாங்கும்.

குறை என்று பார்த்தால் அளவுதான். முதல் வருஷ அறிவிப்பு 10 கோடி ரூபாய், 200 பெண்கள். லாப்டியின் 13,000-க்குப் பக்கத்தில் இது ஒரு சொட்டு. ஆனால் திட்டத்தின் வடிவம் சரியாக இருக்கிறது.

இனி விற்கிறவர் பக்கம், அதாவது உங்களையும் என்னையும் போன்றவர்கள். எங்களிடம் ஒரு புரோக்கர் வந்தார். "நீங்களே கன்வெர்ஷன் பண்ணி பிளாட்டா வித்தா 14 லட்சம் நிக்கும்" என்றார். அக்காவுக்குக் கொடுத்தால் 8 லட்சம். 6 லட்சம் வித்தியாசம் என்றுதான் தம்பி முதலில் பார்த்தான். ஆனால் வரி? நகராட்சி எல்லையிலிருந்து தள்ளியிருக்கும் கிராமப்புற விவசாய நிலத்தை விவசாய நிலமாகவே விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. மக்கள்தொகை 10,000-க்கு மேல் 1 லட்சம் வரை உள்ள ஊர் என்றால் 2 கிலோமீட்டர், 10 லட்சம் வரை 6, அதுக்கு மேல் 8. ரோட்டு வழியாக இல்லை, நேர்கோட்டில் அளக்கணும். பிளாட்டாக மாற்றிவிட்டால் அந்தச் சலுகை போச்சு. 2001 மதிப்பு 1 லட்சம் என்று வைத்தால் 13 லட்சம் ஆதாயம், 12.5 சதவீத வரியும் செஸ்ஸும் சேர்த்து 1.69 லட்சம். கையில் நிற்பது 12.31 லட்சம். கன்வெர்ஷன், ரோடு, புரோக்கர் கமிஷன் எல்லாம் இன்னும் கழிக்கவில்லை. அதைக் கழிக்காமலேயே வித்தியாசம் 4.31 லட்சம்தான். மூணு பங்காகப் பிரித்தால் ஆளுக்கு 1.44 லட்சம். இதை வாட்ஸ்அப்பில் போட்டதும் தம்பி கொஞ்ச நேரம் பதிலே போடவில்லை.

ஊரில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சில விஷயம், வேகமாக. வருமான வரி கட்டுகிறவர் பிஎம் கிசான் 6,000 வாங்கக்கூடாது. அப்பா பேரில் வந்தது உங்கள் பேருக்கு மாறியும் வந்துகொண்டிருந்தால் நிறுத்துங்கள், திருப்பிக் கேட்பார்கள். குத்தகை வருமானம் விவசாய வருமானம்தான், வரி இல்லை. ஆனால் 5,000-ஐத் தாண்டினால் ரிட்டர்னில் காட்டணும், உங்கள் வரி விகிதத்தைக் கணக்கிட அது சேரும். நிலம் விற்கும்போது 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக அட்வான்ஸ் வாங்காதீர்கள், வாங்கின தொகை அளவுக்கே அபராதம் வரலாம். இப்படி ஒரு தொண்டு அமைப்புக்கு நன்கொடை கொடுத்து வரி குறைக்கலாம் என்றால், புதிய வரி முறையில் அந்தக் கழிவு கிடையாது. கொடுக்கணும் என்றால் கொடுங்கள், வரிக்காக வேண்டாம். வீட்டில் அம்மா, மனைவி, அக்கா தங்கை பேரில் 10 லட்சத்துக்குள் சொத்து வாங்கினால், 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

அம்மா இந்த எக்ஸெல் ஷீட் எதையும் பார்க்கவில்லை. "அந்த வயல்ல அவ கால் படாத இடம் உண்டா? அப்பாவுக்கே வரப்பு எது வாய்க்கா எதுன்னு காட்டினவ அவதான்" என்றார். தம்பிக்கு பெங்களூரில் வீட்டுக்கடன் ஓடுகிறது, அவன் யோசிப்பதில் தப்பில்லை. அவன் கேட்ட கேள்வி நியாயமானது: "மானியம் கிடைக்கலைன்னா என்ன பண்றது? வருஷக்கணக்கா காத்துட்டு இருக்கவா?" அதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி, அக்காவோடு 8 லட்சத்துக்கு இரண்டு வருஷ கெடு வைத்து விற்பனை ஒப்பந்தம் போட்டு, அதைப் பதிவும் செய்துவிடுவது. அதற்குள் தாட்கோவில் கிடைத்தால் கிரயம். கிடைக்காவிட்டால் மறுபடி உட்கார்ந்து பேசுவோம்.

பட்டா இன்னும் அப்பா பேரில்தான் இருக்கிறது. வாரிசுச் சான்றுக்குப் போன வாரம் விண்ணப்பித்தோம். அக்கா சாதிச் சான்று, வருமானச் சான்று, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் ஒரு மஞ்சப் பையில் போட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த மாசம் திருவாரூர் தாட்கோ ஆபீஸுக்கு அவரோடு நானும் போகிறேன்.