தூக்கிப்போட மனம் வராதவர்கள்

பரண் நிறைய ஓட்டைப் பாத்திரம், பீரோ மேல் காலி அட்டைப்பெட்டி, கட்டிலுக்கடியில் பழைய பேப்பர் கட்டு. ‘எப்பவாவது உதவும்’ என்று எடுத்து வைப்பது, தட்டுப்பாட்டைப் பார்த்த தலைமுறைக்கு இயல்புதான். ஆனால், படுக்கவும் சமைக்கவும் இடமில்லாமல் போன பிறகும் ஒன்றையும் விட முடியவில்லை என்றால், அது மருத்துவ உதவி தேவைப்படும் ‘குவிப்பு நோய்’.

எது பழக்கம், எது நோய்?

தபால்தலை சேகரிப்பவர் தேடி வாங்குவார், வகை பிரித்து அடுக்குவார், வந்தவர்களுக்கெல்லாம் காட்டுவார். குவிப்பு நோய் உள்ளவரோ, யாரும் வீட்டுக்குள் வந்துவிடக் கூடாதே என்று தவிப்பார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் இதைத் தனி நோயாக வகைப்படுத்தியது. நூறு பேரில் இரண்டு, மூன்று பேருக்கு இது இருக்கலாம் என்பது மதிப்பீடு. பெரும்பாலும் பதின்ம வயதில் தலைகாட்டி, வயது ஏற ஏற முற்றும்.

ஏன் விட முடிவதில்லை?

இது சோம்பல் அல்ல. முடிவெடுப்பதில் உள்ள சிக்கல். 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், காகிதங்களை வைத்துக்கொள்வதா, கிழித்துப்போடுவதா என்று இந்நோய் உள்ளவர்களிடம் கேட்டபடி மூளையை ஸ்கேன் செய்தார்கள். பிறருடைய காகிதம் என்றபோது மந்தமாக இருந்த மூளைப் பகுதிகள், சொந்தக் காகிதம் என்றதும் அளவுக்கு மீறி இயங்கின. மனச்சோர்வு, பதற்றம், கவனக்குறைபாடு ஆகியவையும் பலருக்குச் சேர்ந்தே இருக்கும்.

உடலுக்கு என்ன கேடு?

தூசியால் ஆஸ்துமா மோசமாகும். எலியும் கரப்பானும் பெருகும். நடைவழி அடைபட்டால் முதியவர்கள் தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்ளலாம். தீப்பிடித்தால் வெளியேற வழியிருக்காது. மொட்டைமாடியில் போட்டுவைத்த டயரிலும் டப்பாவிலும் மழைநீர் தேங்கினால், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும்.

வீட்டார் என்ன செய்யலாம்?

அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து எல்லாவற்றையும் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். நம்பிக்கை உடையும்; வீடும் விரைவில் பழையபடி நிரம்பிவிடும்.

- முதலில் வாசல், நடைவழி, அடுப்பைச் சுற்றிய இடம் ஆகியவற்றை மட்டும் சரிசெய்யுங்கள்.
- காலாவதியான மாத்திரை, கெட்டுப்போன மளிகை போன்ற எளிய முடிவுகளில் தொடங்குங்கள். புகைப்படமும் கடிதமும் கடைசியில் வரட்டும்.
- வைப்பதா, கொடுப்பதா என்பதை அவரே சொல்லட்டும். ‘குப்பை’ என்று நீங்கள் சொன்னால் அவர் இன்னும் இறுக்கிப் பிடிப்பார்.
- கழித்தவற்றைப் போகியன்று கொளுத்த வேண்டாம். பிளாஸ்டிக், டயர் புகை நுரையீரலைப் பாதிக்கும்.

எப்போது மருத்துவரிடம் போவது?

வீட்டில் நடமாடவே சிரமம் என்றாலோ, இதனால் தினமும் சண்டை என்றாலோ தள்ளிப்போடாதீர்கள். முதுமையில் திடீரெனத் தொடங்கினால் மறதி நோய்க்கான பரிசோதனையும் அவசியம். எண்ணத்தையும் நடத்தையையும் சீராக்கும் உளவியல் சிகிச்சை குவிப்பு நோய்க்குப் பலன் தருகிறது. விடுவதால் வரும் பதற்றத்தைத் தாங்கிக்கொள்ள அது படிப்படியாகப் பழக்கும். மாதக்கணக்கில் ஆகும் என்பதால் வீட்டாருக்கும் பொறுமை வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், மத்திய அரசின் டெலி மானஸ் இலவச உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.