நோயாளியின் கட்டிலருகே ஓர் அறநெறியாளர்

மருத்துவமனை என்றதும் மருத்துவர், தாதியர், மருந்தாளர், எழுத்தர் ஆகியோரே நம் நினைவுக்கு வருவர். ஊசி போடாமல், மருந்து எழுதாமல், கத்தியைத் தொடாமல் அங்கே ஊதியம் பெற்றுப் பணிபுரிபவர் ஒருவர் உண்டென்றால் அன்பர்கள் வியக்கலாம். அமெரிக்க நாட்டின் பெரிய மருத்துவமனைகளில் அத்தகையவர் இருக்கின்றார். மருத்துவ அறநெறியாளர் என அவரை அழைப்போம். இன்னது செய்ய இயலும் என்று மருத்துவர் கூறிய பிறகு, இயலும் என்பதற்காகவே அதனைச் செய்துவிடலாமா, அதை முடிவு செய்யும் உரிமை யாருடையது என்று கேட்பது இவர் தொழில்.

தமிழாசிரியர்களுக்கு ஒன்றை நினைவூட்டத் தேவையில்லை. வள்ளுவப் பெருந்தகை மருந்து அதிகாரத்தை முடிக்குமிடத்தில் நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என மருத்துவத்தை நான்கு கூறாக்கினார். இந்த நால்வகைக்குள் அடங்காத ஐந்தாமவர் ஏன் தேவைப்பட்டார்? விடை சியாட்டில் நகரில் இருக்கிறது.

1960ஆம் ஆண்டில் அந்நகரத்து மருத்துவப் பேராசிரியர் பெல்டிங் ஸ்கிரிப்னர், டெஃப்லான் என்னும் பொருளாலான சிறு குழாயை நோயாளியின் கையில் நிலையாகப் பொருத்தினார். அதற்கு முன்னும் இரத்தத்தைத் தூய்மை செய்யும் செயற்கைச் சிறுநீரகப் பொறி இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாக இரத்தக்குழாயை வெட்ட வேண்டும். ஆகவே சில முறைக்கு மேல் அதைப் பயன்படுத்த இயலாது. ஸ்கிரிப்னரின் குழாய் வந்ததும், சிறுநீரகம் அடியோடு கெட்டவரும் வாரந்தோறும் பொறியோடு இணைந்து பல ஆண்டுகள் வாழ வழி பிறந்தது. முதல் நோயாளி பதினோர் ஆண்டுகள் வாழ்ந்தார்.

பொறிகளோ சில. பிழைக்க விரும்பியவரோ பலர். 1962இல் அங்கே தொடங்கிய சிகிச்சை நிலையம், இடம் யாருக்கு என்று தீர்மானிக்க ஒரு குழுவை அமைத்தது. ஒரு வழக்கறிஞர், ஒரு சமய போதகர், ஒரு வங்கியாளர், ஓர் இல்லத்தரசி, ஓர் அரசு அலுவலர், ஒரு தொழிலாளர் தலைவர், ஓர் அறுவை மருத்துவர் என எழுவர். பெயர் வெளியிடாமல் பணி செய்தனர். மருத்துவர்கள் தகுதியுடையோர் எனத் தேர்ந்தவர்களுள் ஒருவரை எடுப்பதும் ஒருவரை விடுப்பதும் இவர்கள் கையில் இருந்தது. வயதைப் பார்த்தனர், பிள்ளைகள் எத்தனை என்று பார்த்தனர், வருமானம், கல்வி, தொழில் எல்லாம் பார்த்தனர், தேவாலயத்துக்குப் போகிறவரா என்பதும் பேச்சில் வந்தது. அவ்வாண்டு நவம்பரில் ‘லைஃப்’ வார இதழில் ஷானா அலெக்சாண்டர் என்ற பெண் எழுத்தாளர் இதனை எழுதினார். நாடே அதிர்ந்தது. அந்த எழுவர் தீயவர் அல்லர். தம்மைப் போன்று வாழ்பவரையே அவர்கள் நல்லவர் எனக் கண்டார்கள், அவ்வளவே. ஆனால் அந்த ‘அவ்வளவே’ சிலருக்கு மரண ஓலை ஆயிற்று. பின்னர் 1972இல் அமெரிக்கச் சட்டமன்றம் இச்சிகிச்சையின் செலவை அரசே ஏற்கச் சட்டம் இயற்றியபோதுதான் அத்தகைய தேர்வுக்கு வேலை இல்லாமற் போயிற்று.

அதே 1972ஆம் ஆண்டில் ஆல்பர்ட் ஜான்சன் என்பவர் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். 1931இல் பிறந்தவர், இயேசு சபைத் துறவி, யேல் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டம் பெற்றவர், மூன்றாண்டுகள் ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் இருந்தவர். மருத்துவம் படித்தவர் அல்லர். மருத்துவர்களோடு வார்டு வார்டாகச் சென்று கேட்டும் பார்த்தும் கற்றார். 1976இல் குருத்துவத்தை விட்டு விலகினார், தொழிலை விடவில்லை.

மனிதர்மேல் நடத்தும் ஆய்வுகளுக்கு நெறி வகுக்க 1974இல் அமைந்த பதினொருவர் தேசிய ஆணையத்தில் அவரும் ஒருவர். அங்கே ஒரு விந்தை நிகழ்ந்தது. அறத்தின் அடிப்படை யாதென்று கேட்டால் உறுப்பினர் ஆளுக்கொன்று கூறினர். குழந்தைகளை வைத்து இன்ன ஆய்வைச் செய்யலாமா என்று குறிப்பாகக் கேட்டால் பெரும்பாலும் ஒத்துப்போயினர்! ஆணையத்துக்கு உதவிய மெய்யியலாளர் ஸ்டீபன் டூல்மினும் ஜான்சனும் இதைப் பற்றிச் சிந்தித்து 1988இல் ஒரு நூலே எழுதினர். நிகழ்ச்சியிலிருந்து நிகழ்ச்சிக்கு ஒப்பிட்டுச் செல்வதே அறம் தேரும் நல்வழி என்பது அவர்கள் முடிபு. இலக்கணம் கற்பிக்கும் நமக்கு இது புதிதன்று. சூத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு பாடம் நடத்தியவர் யார்? எடுத்துக்காட்டில்லையேல் சூத்திரம் விளங்காது. புறனடை இல்லையேல் மொழி அதனுள் அடங்காது.

1982இல் ஜான்சன், மார்க் சீக்லர் என்ற மருத்துவரோடும் வில்லியம் வின்ஸ்லேட் என்ற சட்ட அறிஞரோடும் மருத்துவ அறநெறி பற்றிய கையேட்டை எழுதினார். இவரும் நான்காகவே பகுத்தார்: நோயின் நிலையும் சிகிச்சையின் பயனும், நோயாளியின் விருப்பம், பிழைத்தால் வாழும் வாழ்வு எத்தகையது, குடும்பம், பொருள், சட்டம், சமயம் ஆகிய சூழல். இந்த வரிசையில் ஒரு நுட்பம் உண்டு. முதலில் உண்மை நிலவரம். ஏனெனில் அறச்சிக்கல் என்று வருபவற்றுள் பல, உண்மையில் செய்திச் சிக்கலே.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வோம். முதியவர் ஒருவர் சுவாசக் கருவியில் கிடக்கிறார். எல்லாம் செய்யுங்கள் என்கிறான் மகன். அப்பா இதை விரும்பவில்லையே என்கிறாள் மகள். நுரையீரல் மருத்துவர் தேறுகிறார் என்று சொல்லிச் சென்ற அதே நாளில், நரம்பு மருத்துவர் நம்பிக்கையில்லை என்று சொல்லியிருக்கிறார். அறநெறியாளர் வந்ததும் ஏடுகளைப் படிப்பார். இரவுத் தாதியிடம் பேசுவார், அவருக்குத்தான் பல உண்மைகள் தெரியும். பிறகு மருத்துவர் இருவரையும் குடும்பத்தையும் ஓர் அறையில் அமர்த்துவார். “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று மகனிடம் கேட்கமாட்டார். “அப்பா பேச முடிந்தால் என்ன சொல்லியிருப்பார்?” என்று கேட்பார். முடிவில் ஏட்டில் ஆலோசனை எழுதிவைப்பார். அது ஆலோசனையே, ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் அவருக்கில்லை.

இத்தகைய வழக்கொன்று 1975இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் எழுந்தது. நினைவிழந்த இருபத்தொரு வயதுப் பெண் கேரன் குவின்லனைக் கருவியிலிருந்து விடுவிக்கப் பெற்றோர் வேண்டினர், மருத்துவர் மறுத்தனர். 1976இல் மாநில உச்சநீதி மன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்து, மருத்துவமனை அறநெறிக் குழுவின் கருத்தைக் கேட்கும் முறையையும் கூறிற்று. கருவி நீக்கப்பட்ட பின்னும் அப்பெண் தானாகவே மூச்சுவிட்டு 1985 வரை உயிரோடிருந்தாள். மருத்துவர் கணிப்பும் பொய்க்கக்கூடும் என்பதை அறநெறியாளர்கள் இந்நிகழ்ச்சியைக் கொண்டே மாணவர்க்குச் சொல்லவேண்டும் என்பது என் கருத்து.

நோயாளியிடம் உண்மை சொல்வது மற்றொரு வழக்கு. 1961இல் சிகாகோ மருத்துவர்களிடம் கேட்டபோது, புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்வதில்லை என்றவர் பத்தில் ஒன்பது பேர் அளவில் இருந்தனர். 1979இல் வேறோர் ஆய்வில் ஏறத்தாழ அனைவருமே சொல்வோம் என்றனர். நம் வீடுகளில் இன்றும் பிள்ளைகள் மருத்துவரைத் தனியே அழைத்து, அம்மாவிடம் சொல்லவேண்டாம் என்று கெஞ்சுவதைக் காண்கிறோம். அது அன்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அம்மா அறிய விரும்புகிறாளா என்று அம்மாவையே கேட்டவர் எத்தனை பேர்? தோட்டத்து ஆஸ்பத்திரியில் ‘டிரசர்’ சொன்னதே சட்டம் என்றிருந்த காலத்தை மூத்தோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கேள்வி கேட்காத பழக்கம் அங்கிருந்தும் வந்திருக்கலாம்.

இத்தொழிலுக்குக் குறைகளும் உண்டு. 2007இல் வெளிவந்த ஆய்வின்படி அமெரிக்கப் பொது மருத்துவமனைகளுள் ஐந்தில் நான்கு அறநெறி ஆலோசனை வழங்கின. ஆலோசனை கூறியவர்களுள் இத்துறையில் பட்டமோ முறையான பயிற்சியோ முடித்தவர் நூற்றுக்கு ஐவரே! பயிற்சியில்லா ஆசிரியரிடம் பிள்ளைகளை ஒப்படைக்க நாம் இசைவோமா? 2018இல்தான் தகுதித் தேர்வு வந்தது. மருத்துவமனையிடம் ஊதியம் பெறுபவர் அதனைக் கண்டிப்பாரா என்ற வினாவுக்கோ எந்தத் தேர்வும் விடை தராது.

ஜான்சன் 1987இல் சியாட்டில் சென்று, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மருத்துவ வரலாறு, அறநெறித் துறையின் தலைவரானார். தம் துறையின் வரலாற்றை எழுதி 1998இல் வெளியிட்டார். 2020 அக்டோபரில், தம் 89ஆம் அகவையில் மறைந்தார். அவ்வாண்டுதான் கொரோனா நோயால் சுவாசக் கருவிகள் போதாவோ என்ற அச்சம் எழுந்து, யாருக்கு முதலில் என்ற பழைய வினா திரும்பிற்று. நியூயார்க் மாநில அறிஞர் குழு 2015இலேயே அதற்கு நெறிமுறை வகுத்திருந்தது. கட்டிலருகே நின்று சிகிச்சை செய்யும் மருத்துவரிடம் அத்தேர்வை விடாமல் வேறொருவரிடமோ குழுவிடமோ விடவேண்டும் என்றும், நோயாளிக்குச் சமூகத்தில் உள்ள மதிப்பைக் கணக்கில் எடுக்கலாகாது என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது.