ஹில்லா? மவுண்டனா?



உங்கள் ஊர்ப் பக்கம் மலை இருக்கிறதா? அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வீர்கள்? 'ஹில்' என்பீர்களா, 'மவுண்டன்' என்பீர்களா? இரண்டும் ஒன்றுதானே என்று நினைக்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். இந்தக் கேள்வியில் ஒரு வாத்தியாரே மாட்டிக்கொண்டு விழித்தார். அந்த வாத்தியார் வேறு யாருமில்லை, நான்தான்!

பல வருஷங்களுக்கு முன்பு ஐந்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தேன். 'எங்கள் ஊர்' என்ற தலைப்பில் ஐந்து வாக்கியங்கள் எழுதச் சொன்னேன். ஒரு பையன், தன் வீட்டுக்குப் பின்னால் ஒரு 'மவுண்டன்' இருப்பதாக எழுதியிருந்தான். அந்த மலையை நானும் பார்த்திருக்கிறேன். பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகத் தெரியும். பாறையும் முள்ளுமாக இருக்கும். 'இதற்குப் போய் மவுண்டனா?' என்று சிவப்பு மையால் அடித்தேன். மேலே 'ஹில்' என்று எழுதி ஒரு மார்க்கையும் குறைத்துவிட்டேன்.

நோட்டைப் பார்த்த பையன் மெதுவாக எழுந்து நின்றான்.

"சார், லீவு நாள்ல ஆடு மேய்க்க நான் அதுலதான் ஏறுவேன். உச்சிக்குப் போக ரெண்டு மணி நேரம் ஆகும் சார். எத்தனை அடி உசரம் இருந்தா மவுண்டன்னு எழுதலாம்?"

வகுப்பே என் முகத்தைப் பார்த்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. "உட்காருடா, நாளைக்குச் சொல்றேன்" என்று சமாளித்தேன்.

அன்று இரவு அகராதியைப் புரட்டினேன். 'ஹில்' என்றால் மவுண்டனைவிட உயரம் குறைந்தது என்று போட்டிருந்தது. சரி, 'மவுண்டன்' என்றால் என்ன என்று பார்த்தேன். ஹில்லைவிட உயரமானது என்று போட்டிருந்தது! அடிக்கணக்கு எதுவும் இல்லை.

அரையடியில் மாறிய கதை

உண்மை என்ன தெரியுமா? இத்தனை அடிக்கு மேல் இருந்தால் மவுண்டன், குறைந்தால் ஹில் என்று உலகம் முழுவதற்கும் பொதுவான அளவு கிடையாது. பிரிட்டனில் மலையேறுபவர்கள் பலர் 2000 அடியை, அதாவது 609.6 மீட்டரை, எல்லைக்கோடாக வைத்துக்கொள்கிறார்கள்.

அங்கே வேல்ஸ் பகுதியில் 'மினித் கிரைக் கோக்' என்று ஒரு மலை. அது 2000 அடிக்குச் சற்றே குறைவு என்பதால் பட்டியலில் 'ஹில்' என்றே இருந்தது. 2008ஆம் ஆண்டு நவீனக் கருவிகளைக் கொண்டு மறுபடி அளந்தார்கள். 609.75 மீட்டர் என்று வந்தது. 2000 அடிக்கு மேல் சுமார் அரையடி! உடனே அது 'மவுண்டன்' ஆகிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதன் பெயரில் உள்ள 'மினித்' என்ற வெல்ஷ் மொழிச் சொல்லுக்கே மலை என்றுதான் பொருள். கருவி வரும்வரை அந்த ஊர்க்காரர்கள் காத்திருக்கவில்லை, பார்த்தீர்களா!

நம் ஊருக்கு வருவோம். தொட்டபெட்டா சிகரத்தின் உயரம் 2637 மீட்டர். பிரிட்டனிலேயே உயரமான பென் நெவிஸ் மலை 1345 மீட்டர்தான். ஆனாலும் தொட்டபெட்டா இருக்கும் மலைத்தொடரை ஆங்கிலத்தில் 'நீலகிரி ஹில்ஸ்' என்கிறோம். ஊட்டியை 'ஹில் ஸ்டேஷன்' என்கிறோம். சென்னையில் உள்ள பரங்கிமலையோ சுமார் 300 அடிதான். அதற்குப் பெயர் 'செயின்ட் தாமஸ் மவுண்ட்'! அந்த மவுண்டுக்குப் போகும் சாலை என்பதால்தான் இன்றைய அண்ணா சாலைக்கு 'மவுண்ட் ரோடு' என்று பெயர் வந்தது.

ஆக, அடியை அளந்து மட்டும் பெயர் வைப்பதில்லை. பழக்கத்தில் எப்படி வந்ததோ, அதுதான் நிலைத்துவிடுகிறது.

எந்தச் சொல் எந்த இடத்தில்?

ஒரு பொருள் தரும் பல சொற்கள் என்று மனப்பாடம் செய்கிறோம். ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் எப்போதும் பொருந்தாது.

'மவுண்ட்' என்பது பெரும்பாலும் பெயருக்கு முன்னால் வரும்: மவுண்ட் எவரெஸ்ட். இதற்கு முன் 'தி' போடக் கூடாது. 'ஹில்ஸ்' பெயருக்குப் பின்னால் வரும். மலைத்தொடரைச் சொல்லும்போது முன்னால் 'தி' சேர்க்க வேண்டும்: தி நீலகிரி ஹில்ஸ்.

'ஹில்லக்' என்றால் சிறு குன்று. ஹில் என்ற சொல்லோடு, சிறியது என்பதைக் காட்டும் 'அக்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'புல்லக்' என்ற சொல்லும் இப்படி வந்ததுதான். முதலில் அதற்கு இளங்காளை என்று பொருள்.

'ஃபுட்ஹில்ஸ்' என்றால் மலையடிவாரத்தில் உள்ள குன்றுகள். 'ஃபுட்' என்றால் கால். நாமும் 'அடி'வாரம் என்றுதானே சொல்கிறோம்! அடி என்றாலும் பாதம்தானே!

எறும்புப் புற்றுக்கு 'ஆன்ட்ஹில்' என்று பெயர். அதை 'ஆன்ட் மவுண்டன்' என்று எழுதினால் சிரிப்பார்கள். கடினமான வேலையை 'அப்ஹில் டாஸ்க்' என்பார்கள். மேட்டில் ஏறுவதுபோல் மூச்சு வாங்கும் வேலை. வயதாகித் தளர்ந்துவிட்டவரை 'ஓவர் தி ஹில்' என்பார்கள். பொருள் தெரிந்துகொள்ளுங்கள், போதும். தாத்தா பாட்டியிடம் சொல்லிவிடாதீர்கள்!

மண்ணைத் தோண்டி வாழும் 'மோல்' என்ற சின்னப் பிராணி வெளியே தள்ளும் மண்குவியல் 'மோல்ஹில்'. அற்பக் காரியத்தைப் பெரிதாக்குபவரைப் பார்த்து, 'மோல்ஹில்லை மவுண்டன் ஆக்காதே' என்பார்கள். நம் பாட்டிமார், 'ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குகிறான்' என்பார்களே, அதேதான்!

மலையிலிருந்து இறங்கிய சொல்

'டவுன்' என்றால் கீழே என்று ஒன்றாம் வகுப்புக் குழந்தைகூடச் சொல்லும். ஆனால் இங்கிலாந்தின் தெற்கே 'சவுத் டவுன்ஸ்' என்பது மலைத்தொடர்! பழைய ஆங்கிலத்தில் 'டூன்' என்றால் குன்று. 'குன்றிலிருந்து' என்று பொருள்படும் தொடர் தேய்ந்து தேய்ந்து 'டவுன்' ஆயிற்று. குன்றிலிருந்து வந்தால் கீழேதானே வரவேண்டும்!

இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் 'பெண்டில் ஹில்' இருக்கிறது. பழங்காலப் பிரிட்டானிய மக்கள் அதைப் 'பென்' என்றார்கள். குன்று என்று பொருள். பிறகு ஆங்கிலம் பேசுபவர்கள் வந்து, தங்கள் மொழியில் குன்று என்பதற்கான சொல்லை அதோடு சேர்த்தார்கள். அது 'பெண்டில்' ஆயிற்று. பொருள் மறந்துபோனதும் இன்னொரு 'ஹில்' சேர்ந்துகொண்டது. ஆக, அதன் பெயர் 'குன்று குன்று குன்று'!

சிரிக்காதீர்கள். 'கிரி' என்றாலே மலைதான். நாம் 'நீலகிரி மலை' என்கிறோமே!

மறுநாள் வகுப்பில்...

மறுநாள் அந்தப் பையனின் நோட்டைக் கேட்டு வாங்கினேன். அடித்த மார்க்கைத் திரும்பப் போட்டேன். "அகராதியில் அடிக்கணக்கு இல்லை. நான் அவசரப்பட்டுவிட்டேன். நீ எழுதியதைத் தப்பு என்று சொல்ல முடியாது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவன் அந்த மலையின் உச்சிவரை ஏறியவன். நான் பஸ் ஜன்னலில் பார்த்தவன். யாருக்கு அதன் உயரம் நன்றாகத் தெரியும்?

அவன் ஏன் அப்படி எழுதினான் என்பதும் எனக்குப் பிறகுதான் புரிந்தது. தமிழில் இமயமும் மலைதான், பரங்கிமலையும் மலைதான். அந்த ஒரு சொல்லைத்தான் அவன் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனான்.

சரி, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். தமிழிலும் குன்று, கரடு, பொத்தை என்று எத்தனையோ சொற்கள் உண்டு. உங்கள் பக்கத்தில் எதைச் சொல்கிறார்கள்? எதை மலை என்கிறார்கள், எதைக் கரடு என்கிறார்கள்? வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு நோட்டில் எழுதுங்கள். பிறகு அவை ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான ஆங்கிலச் சொல் எது என்று யோசியுங்கள்.

வாத்தியார் திருத்தினால், காரணம் கேளுங்கள். எழுந்து நின்று, பணிவாக!